நிற்கும்போது இறங்கும் கோடு

அறையில் இருப்பவர்கள் ஐந்து பேர். கட்டிலில் மல்லாந்து கிடக்கிற நான், கோமதிநாயகம், வயது எழுபத்து நான்கு, கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் எண்ணிக்கை பார்த்தவன். என் ஒரே மகள் சண்முகவடிவு, மதுரையில் தபாலாபீஸ் வேலை. அவள் வீட்டுக்காரர் நயினார், எனக்கு மாப்பிள்ளை, ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவர். நெற்றியில் கருவி மாட்டுகிற பெண், ஜெஸிந்தா என்று சட்டையில் பெயர் குத்தியிருக்கிறது. ஐந்தாவது டாக்டரம்மா. அவர் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பதும் போவதுமாக இருப்பதால் முழு ஆளாக எண்ணலாமா என்று தெரியவில்லை. என்னையும்தான். படுத்துக் கிடப்பவனை ஆட்களோடு சேர்ப்பதா, கட்டிலோடு சேர்ப்பதா. பத்து நிமிஷம் அசையாமல் கிடக்க வேண்டும், எதையும் யோசிக்கக் கூடாது, தூங்கவும் கூடாது என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். பிறகு எழுப்பி நிற்க வைப்பாளாம். படுத்திருக்கும்போது மூளைக்கு எவ்வளவு ரத்தம் போகிறது, நின்றால் எவ்வளவு குறைகிறது, அதைப் பார்க்கத்தான் இவ்வளவும். ஊசி இல்லை, கத்தி இல்லை, வெறும் வெளிச்சம்தான், பயப்படாதீங்க ஐயா என்றாள். ஊசிக்கு நான் பயப்படுகிறவன் இல்லை. ஊசி குத்தும், அவ்வளவுதான். அது எதையும் பார்ப்பதில்லை.

நெற்றியில் இருந்த திருநீற்றை ஈரப் பஞ்சால் துடைத்து எடுத்துவிட்டாள், வெளிச்சம் போகிற வழியில் ஒன்றும் இருக்கக் கூடாது என்று. துடைத்த இடம் காற்றில் சில்லென்று இருந்தது, பிறர் முன்னால் சட்டையைக் கழற்றியது போல. அதன்மேல் ஒரு கறுப்புப் பட்டையைச் சுற்றி இறுக்கினாள், பட்டையின் மேல் கண்ணையும் மறைத்துக் கறுப்புத் துணி, பிறகு குழல்விளக்கையும் அணைத்துவிட்டாள். சின்ன வயசில் டார்ச் லைட்டை உள்ளங்கையில் அமுக்கினால் விரலெல்லாம் சிவப்பாகத் தெரியுமே, அதே சங்கதிதான் என்றாள். இங்கே போகிற வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாதாம். எலும்பைத் தாண்டி உள்ளே போய், மூளையின் மேற்பக்கம் கொஞ்சம் அலைந்துவிட்டு, பட்டையில் இருக்கிற இன்னொரு துளை வழியாகத் திரும்பி வருமாம். உள்ளே ரத்தம் ஓடினால் திரும்புகிற வெளிச்சம் மினுங்கும், வேகமாக ஓடினால் வேகமாக மினுங்கும், அந்த மினுங்கலை எண்ணிக் கம்ப்யூட்டர் ஒரு கோடு போடும். எண்ணுவது என்றதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. எண்ணுகிறவன் கண்ணுக்குத் தப்பு தப்பாமல் படும், அது எனக்குத் தெரியும். பட்டையை இறுக்கிக்கொண்டே அவள் கேட்டாள், காலையில் நல்லாத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னோமே, குடித்தீர்களா என்று. நான் வாயைத் திறக்குமுன் வடிவு முந்திக்கொண்டாள். அப்பா தண்ணி விஷயத்தில் ரொம்பக் கெட்டி, காலையில் ஒரு செம்பு, மத்தியானம் சாப்பிட வர்றப்ப ஒரு செம்பு, சாயங்காலம் ஒரு செம்பு வைப்பேன், எப்பப் பார்த்தாலும் செம்பு காலியா இருக்கும் என்று சொன்னாள். சொல்லும்போது அவள் குரலில் ஒரு பெருமை. அந்தப் பெண் ஏதோ தாளில் டிக் அடித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். காலையிலிருந்து நான் குடித்த தண்ணீர் மாத்திரைக்கு அரைத் தம்ளர்.

செம்பு காலியாகத்தான் இருக்கும். வடிவு வீட்டுப் பால்கனியில் மூன்று தொட்டி, இரண்டில் கறிவேப்பிலை, ஒன்றில் மருக்கொழுந்து. செம்புத் தண்ணீரை மூன்றுக்கும் பங்கிட்டு ஊற்றிவிடுவேன். அதிகமாக ஊற்றினால் அடியில் வழிந்து கீழ்வீட்டு அம்மாவின் காயப்போட்ட துணியில் சொட்டும், அதனால் அளந்துதான் ஊற்ற வேண்டும். கறிவேப்பிலை இந்த வெயிலிலும் இப்படித் தளிர்க்கிறதே என்று வடிவு அண்டை வீட்டுக்கெல்லாம் பறித்துக் கொடுக்கிறாள். கொடுத்துவிட்டு வந்து எங்க அப்பா கைராசி என்கிறாள். நான் சிரிக்கிறேன். எதையும் யோசிக்கக் கூடாது என்று அந்தப் பெண் சொன்னாளே, இப்போது யோசித்ததெல்லாம் கோட்டில் ஏறியிருக்குமா. கறிவேப்பிலை என்று ஒரு மேடு, கைராசி என்று ஒரு பள்ளம். அப்படி இல்லை, ரத்தத்தை மட்டும்தான் பார்க்கும், நினைப்பைப் பார்க்காது என்று முதலிலேயே சொன்னாள். ஆனால் வெட்கப்பட்டால் முகத்தில் ரத்தம் ஏறும் என்பது எனக்கே தெரியும், அதற்குக் கம்ப்யூட்டர் எதற்கு.

அந்த வீட்டில் கக்கூஸ் ஒன்றுதான், கதவு கூடத்தைப் பார்த்தபடி. கதவுக்கு நேர் எதிரே மாப்பிள்ளையின் நாற்காலி. அவர் ஒன்பது மணிக்குக் கடைக்குப் போனால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் வருவார், ஆனால் காலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அந்த நாற்காலியில் இருப்பார், எங்கே போவார், அது அவர் வீடு. தாழ்ப்பாள் இரும்புத் தாழ்ப்பாள். போட்டால் ஒரு சத்தம், எடுத்தால் ஒரு சத்தம், நடுவில் என் சத்தம். பிராஸ்டேட் வீங்கியிருப்பதால் ஒரே தடவையில் போகாது, விட்டுவிட்டுப் போகும், அந்த விட்டுவிட்டுப் போகிற சத்தம் கூடத்தில் கேட்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர் உள்ளே போகும்போது எனக்குக் கேட்கிறது. மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டில் போய் உட்கார்ந்திருப்பதே ஒரு ஆணுக்கு எப்படிப்பட்ட காரியம். எங்கள் பக்கத்தில் பழைய ஆட்கள் மகள் வீட்டுக்குப் போனால் கை நனைக்காமல் திரும்புவார்கள். நான் நனைக்கிறேன், மூன்று வேளையும். என் மனைவி செண்பகவல்லி போய்ச் சேர்ந்த பிறகு வடிவுதான் வந்து கோவில்பட்டி வீட்டைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு என்னைக் கூட்டி வந்தாள். மாப்பிள்ளை ஒரு சொல் சொன்னதில்லை. சொன்னது அந்த ஒன்றுதான், அதுவும் சொல் இல்லை, தமாஷ். ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிவியில் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது, நான் நாலாவது தடவையாக வெளியே வருகிறேன், அவர் திரும்பிப் பார்த்து, என்ன மாமா, ஆட்டோவுக்கு மாதிரி உங்களுக்கும் ஒரு மீட்டர் மாட்டிரலாமா என்றார். வடிவு சிரித்தாள். அவரும் சிரித்தார். நானும்தான் சிரித்தேன், அவர்கள் இருவரையும்விடக் கொஞ்சம் அதிக நேரம். நல்ல மனுஷன். நல்ல மனுஷன் என்பதால்தான் தாங்க முடியவில்லை, கெட்டவன் சொல்லியிருந்தால் கெட்டவன் என்று விட்டிருப்பேன். மறுநாளிலிருந்து குறைத்தேன். உள்ளே போகாவிட்டால் வெளியே வராது, இது கணக்கு, இதற்கு அஞ்சாம் வகுப்புப் படிப்பே அதிகம்.

ஐயா, தூங்கிறாதீங்க என்கிறாள் அந்தப் பெண். நான் தூங்கவில்லை. நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறது, அதைப் பிரித்து எடுக்கிற சத்தம்கூட இந்த அறையில் கேட்கும் போலிருக்கிறது. கறுப்புத் துணிக்குள் கண்ணைத் திறந்தால் மூடினது மாதிரியே இருக்கிறது. துணிக்கு வெளியே மாப்பிள்ளை நாற்காலியை நகர்த்துகிறார், அவர் இன்று கடைக்கு அரைநாள் லீவு சொல்லியிருக்கிறார், எனக்காக. வடிவு முழுநாள். அவள் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் பார்க்கிறாள், அதன் வெளிச்சம் துணியின் ஓரத்தில் வந்து வந்து போகிறது. பதினோரு வருஷம் காத்திருந்து கிடைத்த பதவி உயர்வு. தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊர், அங்கே தபாலாபீஸுக்கே அவள்தான் தலைமை, சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வந்துவிடலாம். வர்றேன், இல்லை என்று இன்று நாலு மணிக்குள் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். மாடிப்படியில் நான் விழாமல் இருந்திருந்தால் போன வாரமே சொல்லியிருப்பாள். மூன்று தடவை விழுந்தேன். முதல் தடவை கட்டிலிலிருந்து எழுந்தபோது, அது யாருக்கும் தெரியாது. இரண்டாவது பூஜை அலமாரி முன்னால், வடிவு பார்த்தாள். மூன்றாவது படியில், தெருவே பார்த்தது. அதன் பிறகு அவள் தென்காசிப் பேச்சை எடுப்பதில்லை. அப்பாவைப் பகல் பூரா தனியா விட்டுட்டு நான் எப்படிப் போறது என்று அடுப்படியில் மாப்பிள்ளையிடம் சொன்னாள், மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் அந்த வீட்டில் எல்லாமே கேட்கும்.

ஆக விஷயம் இவ்வளவுதான். நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நாலைந்து சொல். தண்ணீர் குடிக்காததால்தான் தலை சுற்றுகிறது என்று எனக்கு மூன்றாவது தடவையே தெரிந்துவிட்டது, அன்று காலையிலிருந்து ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றால் கக்கூஸ். கக்கூஸ் ஏன் என்றால் மீட்டர். மீட்டர் என்றால் மாப்பிள்ளை தலை குனிவார். அது மட்டுமா, அதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறது, அதை நெருங்கினாலே மனம் வேறு பக்கம் ஓடுகிறது, தீப்பெட்டி ஆபீஸுக்கு ஓடுகிறது. அங்கே பெட்டிகளைக் குலுக்கிப் பார்ப்பேன், குச்சி குறைந்திருந்தால் காதுக்குத் தெரியும், பெட்டி ஒட்டுகிற பிள்ளைகள் அண்ணாச்சி காது பாம்புக் காது என்பார்கள், மூலை அறையில் தீக்குச்சி மருந்து நெடி, ஜன்னலோரம் மண்பானை, பானை என்றதும் மறுபடி தண்ணீர், தண்ணீர் என்றதும் பிரம்பு சோபா. சரி. சோபா. ஒரு மத்தியானம் உட்கார்ந்தபடியே கண் அயர்ந்துவிட்டேன், விழித்தபோது மெத்தை ஈரம். வீட்டில் யாருமில்லை. துவைத்தால் காயாது, காயாவிட்டால் கேட்பார்கள். துணியால் ஒற்றி ஒற்றி எடுத்து, பவுடர் தூவி, மெத்தையைத் திருப்பிப் போட்டேன். ராத்திரி மாப்பிள்ளை வந்து அதே இடத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். இன்னும் ரெண்டு வை என்று வடிவிடம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் எதிரே உட்கார்ந்து அந்த மெத்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எந்த வெளிச்சம் போய்ப் பார்க்கும், பார்த்தாலும் எந்தக் கோட்டில் எழுதும்.

இப்போது எழுந்திருக்கணும் ஐயா, மெதுவாக இல்லை, சட்டென்று, என்கிறாள். மாப்பிள்ளை முதுகில் கை கொடுக்கிறார். அந்தக் கை என்மேல் பட்டதும் கூசுகிறது. நின்றேன். துணியை எடுத்துவிட்டதால் திரை தெரிகிறது, இருட்டில் ஒரு பச்சைக் கோடு, இதுவரை சின்னச் சின்ன அலையாக ஒரே மட்டத்தில் போய்க்கொண்டிருந்தது. அது என் கோடு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வழுக்கியது, பிடித்துக்கொள்ளும் என்று பார்த்தேன், பிடிக்கவில்லை, இன்னும் இறங்கியது. காதுக்குள் ஈ பறக்கிற சத்தம். பிறகு கோட்டின் பச்சை போய்விட்டது, எல்லாம் சாம்பல், வடிவின் முகம் ரொம்ப தூரத்தில் ஒரு ரூபாய்க் காசளவு. அப்பா என்று யாரோ சொல்கிறார்கள். முழங்கால் எங்கே இருக்கிறது என்று தேடினேன். அடுத்து நினைவிருப்பது கட்டிலும், காலுக்கடியில் வைத்த தலையணையும், திரும்பவும் மேலே ஏறிக்கொண்டிருக்கிற அந்தக் கோடும்தான். மாப்பிள்ளையின் கை இன்னும் முதுகுக்கடியில் மாட்டிக்கொண்டிருந்தது. அவர் எடுக்கவில்லை.

டாக்டரம்மா உள்ளே வந்து இந்தத் தடவை முழு ஆளாக நின்றார். கோட்டைப் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். வடிவைப் பார்த்துத்தான் பேசினார், என்னைப் பார்க்கவில்லை. நின்றதும் மூளைக்குப் போகிற ரத்தம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, தண்ணீரெல்லாம் ஒழுங்காகக் குடிக்கிறவருக்கு இப்படி ஆகிறது என்றால் கழுத்து ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மருந்து செலுத்திப் படம் எடுக்க வேண்டும், இந்த வயதில் அதற்கும் ஒரு ஆபத்து உண்டு, அதுவரை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடாதீர்கள். தண்ணீரெல்லாம் ஒழுங்காகக் குடிக்கிறவர். வடிவு தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள், ஆட்டுவதை நிறுத்தவே இல்லை. பிறகு சுவரோரம் போய்க் கைபேசியை எடுத்துக் காதில் வைத்தாள். சார், சண்முகவடிவு பேசறேன் சார் என்றாள். அவள் முதுகு எனக்குத் தெரிகிறது, பின்னலுக்குக் கீழே வியர்வை. அந்த விஷயமாத்தான் சார் என்றாள். மாப்பிள்ளை வெளியே போனால் சொல்லிவிடலாம் என்று அவரைப் பார்த்தேன். அவர் போகவில்லை, மற்றக் கையால் என் வேட்டி விலகிய இடத்தைச் சரி செய்துகொண்டிருந்தார்.

"வடிவு, போனை வை. நான் தண்ணி குடிக்கிறதே இல்லம்மா."

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். ஒரு நிமிஷம் சார் என்று சொல்லிவிட்டு அவள் திரும்பினாள். செம்பு, என்றாள். செம்பு காலியா இருக்குமேப்பா.

"செடிக்கு ஊத்திருவேன்."

டாக்டரம்மா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அந்தப் பெண் அந்தத் தாளைப் பார்த்தாள். ஏன் என்று வடிவு கேட்டாள், கோபமாக இல்லை, புரியாமல். அடிக்கடி போக வேண்டியிருக்கு என்றேன். அவ்வளவுதான் வெளியே வந்தது. அதற்குமேல் சோபா வரை போக முடியவில்லை, போகவும் மாட்டேன். மாப்பிள்ளை கையை முதுகிலிருந்து மெல்ல உருவி எடுத்தார். அவர் முகம் எனக்கு மிக அருகில் இருந்தது, அதில் ஒரு கணக்கு ஓடுவதைப் பார்த்தேன், கணக்கு எழுதுகிறவர் அல்லவா, பின்னோக்கிப் போய் சரியான ஞாயிற்றுக்கிழமையில் நின்றுவிட்டார்.

"நான் மீட்டர்னு சொன்னனே, அதனாலயா மாமா?"

சேச்சே, அதெல்லாம் இல்லை மாப்பிள்ளை, அது விளையாட்டுக்குச் சொன்னதுதானே என்றேன். ஒரு பொய்யை இறக்கி வைத்த கையோடு இன்னொன்றைத் தூக்கிக்கொண்டேன். அவர் நம்பவில்லை. வெட்கத்தைச் சொல்லிவிட்டால் பாதியாகக் குறையும் என்று நினைத்திருந்தேன். குறையவில்லை, இப்போது ஆளுக்கு ஒன்று முழுசாக இருக்கிறது, அவரிடம் ஒன்று, என்னிடம் ஒன்று, சுவரோரம் நிற்கிற வடிவிடம் ஒன்று, அவளும்தானே அன்றைக்குச் சிரித்தாள். மாப்பிள்ளை பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகிக் கையில் கொடுத்தார். அரை லிட்டர், முழுக்கக் குடிங்க, ஒரே மூச்சாக வேண்டாம், ஆனால் வைத்து வைத்தும் வேண்டாம் என்றார் டாக்டரம்மா. ஐந்து பேர் இருக்கிற அறையில் நாலு பேர் பார்க்க நான் தண்ணீர் குடித்தேன். மிடறு இறங்குகிற சத்தம் ஒவ்வொன்றும் தாழ்ப்பாள் சத்தம் மாதிரிக் கேட்டது. மோவாயில் வழிந்ததைத் துடைக்கவில்லை. இவ்வளவு தாகம் எனக்குள் இருந்ததா, அது எங்கே இத்தனை நாளாக உட்கார்ந்திருந்தது.

கால் மணி நேரம் படுக்க வைத்துவிட்டு மறுபடி எழுப்பினார்கள். அந்தக் கால் மணி நேரமும் வடிவு கைபேசியைக் கையிலேயே பிடித்திருந்தாள், திரும்பக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. நின்றேன். கோடு இறங்கியது. இறங்கி, ஒரு இடத்தில் தயங்கி, அங்கேயே நின்றுகொண்டது, பிறகு கொஞ்சம் ஏறவும் செய்தது. ஈ பறக்கவில்லை. வடிவின் முகம் வடிவின் முகத்தின் அளவில் இருந்தது. முதல் தடவையில் பாதிகூட இறங்கவில்லை என்றார் டாக்டரம்மா. பிராஸ்டேட் மாத்திரையும் நிற்கும்போது ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், அதை ராத்திரி படுக்கும்போது போட்டுக்கொள்ளட்டும், இருதயமும் கிட்னியும் நன்றாக இருப்பதால் ஒரு நாளைக்கு எட்டுத் தம்ளர் கட்டாயம், கழுத்துப் படம் இப்போது வேண்டாம், இரண்டு வாரம் கழித்து இதே வெளிச்சத்தில் மறுபடி பார்ப்போம் என்றார். கட்டிலில் உட்கார வைத்தார்கள். எனக்கு முட்டிக்கொண்டு வந்தது. பட்டையைக் கழற்றும்வரை பொறுக்க முடியாது என்று தெரிந்தும் பொறுத்தேன், பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தேன். எப்படிக் கேட்பது என்று யோசிப்பதற்குள் அவர் எழுந்து என் செருப்பைத் திருப்பிப் போட்டார். கக்கூஸ் தாழ்வாரக் கடைசியில் இருந்தது. தாழ்ப்பாள் போட வேண்டாம் மாமா, நான் நிற்கிறேன் என்றார். உள்ளே போனதும் வெளியே அவர் யாருக்கோ போன் போட்டு, கடையில் வந்த சரக்கு, போன சரக்கு என்று உரக்கப் பேச ஆரம்பித்தார், நான் வெளியே வரும்வரை நிறுத்தாமல் பேசினார். மறுமுனையில் ஆள் இருந்தார்களா என்று எனக்குத் தெரியாது.

திரும்பி வந்தபோது வடிவு தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் கழுவியிருந்தாள். வர்றேன்னு சொல்லிட்டேன் என்றாள், என்னைப் பார்க்காமல். நல்லது என்றேன். எங்க வீட்ல ஒரு வாய் தண்ணி குடிக்க உங்களுக்கு வெக்கம், அந்த ஊர்ல போய் நான் எப்படிப்பா நிம்மதியா உட்காருவேன் என்றாள். குடிப்பேன் என்று சொல்லலாம், செம்பு காலியாக இருந்ததைப் பார்த்து நம்பியவள் இனி எதைப் பார்த்து நம்புவாள். பெஞ்சின் இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அவள், நடுவில் மாப்பிள்ளை எங்கள் இருவரின் பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு. அவள்தான் கேட்டாள், இன்னிக்கு எத்தனை தம்ளர் ஆச்சு. நான் கணக்குச் சொன்னேன், மாத்திரைக்கு அரை, பாட்டிலில் தம்ளர் கணக்கில் இரண்டரை. காலையில் காப்பி குடித்தேன், அது சேர்த்தியா என்று கேட்டேன். காப்பி சேராது என்றாள். அப்படியென்றால் மூன்று. மீதி ஐந்து.